சேவல் நிற்கும் கோயில்

எங்கள் வீட்டில் சுவரில் வயர் செருகிய பழைய தொலைபேசி ஒன்று இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்துக்குள்ளேயே நாங்கள் சில தடவை வீடு மாறிவிட்டோம். ஒவ்வொரு வீடு பார்க்கப் போகும்போதும் நான் குசினியைப் பார்ப்பேன், யன்னலைப் பார்ப்பேன். என் கணவர் தொலைபேசி வயர் எங்கே வருகிறது என்று பார்ப்பார். பழைய இலக்கம் புது வீட்டுக்கும் வரும் என்று உறுதியானால்தான் அவருக்கு அந்த வீடு பிடிக்கும். பெரிய பல்கணியோடு ஒரு அருமையான வீடு, பக்கத்து நகரத்தில், இந்த இலக்கத்தால் கைநழுவிப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

எங்களைத் தெரிந்த யாரும் அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுப்பதில்லை. மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லி ஒரு பெண் எடுப்பாள். பிழையான இலக்கம் அமத்திய கிழவர் யாராவது எடுப்பார். மணி அடித்தால் என் கணவர் தலையில் சவர்க்கார நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வருவார். "ஹலோ" என்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு வைத்துவிடுவார்.

"ஆரப்பா?" என்று கேட்பேன்.

"ஒருத்தருமில்லை."

கலியாணமாகி ஜெர்மனிக்கு வந்த முதல் கிழமையே இதைக் கண்டேன். யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் சண்டை பிடித்து ஒரு வழி பண்ணியிருப்பேன். இருந்தது அவருடைய அண்ணை.

அண்ணையை நான் கண்டதில்லை. மன்னாரில் மனைவியையும் பல்லு முளைக்காத மகளையும் விட்டுவிட்டு, எத்தனையோ நாடு சுற்றி, வுப்பர்டாலில் தம்பியின் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தவர். அங்கே சில கிழமை ஒளிந்திருந்தார். ஜெர்மனியில் அகதிக் கேஸ் சரிவராது, லண்டனில் சரிவரும் என்று யாரோ சொல்ல, ஹொலண்ட் வழியாகப் போவதற்கு, களவாக ஆட்களை எல்லை கடத்தும் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்தார். என் கணவரிடம் அப்போது இருந்தது டுல்டுங். உன்னைத் திருப்பி அனுப்பமாட்டோம், இருக்கச் சொல்லவும் மாட்டோம் என்கிற தாள் அது. அதை வைத்திருப்பவர் மாநில எல்லையைத் தாண்டிப் பிடிபட்டால் எல்லாம் முடிந்தது. ஆகவே தம்பி வாசலோடு நின்றுவிட்டார், அண்ணை காரில் ஏறிப் போனார்.

ஓரிரு நாளில் அந்த இலக்கத்துக்கு அழைப்பு வந்தது. ஹொலண்டில் ஏதோ ஒரு கிராமத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அண்ணை கதைத்தார். ஊரின் பெயரைக் கேட்டதற்கு, எழுதியிருக்கிறது, வாயில் வருகுதில்லை என்றார். அதற்குப் பதிலாக நின்ற இடத்தைச் சொன்னார். எதிரில் கோயில். கோபுரத்தில் பொன் முள்ளு வைத்த மணிக்கூடு. பக்கத்தில் தண்ணீர். அணையில் செம்மறியாடுகள் குட்டிகளோடு மேய்கின்றன. தலை வெட்டிய மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பிறகு சிரித்தாராம். "டேய் தம்பி, இவங்கட கோயில் உச்சியில சேவல் நிக்குதடா. முருகன் எங்களுக்கு முதலே இஞ்சை வந்திட்டார் போல." நாங்கள் மாதா கோயில் ஆட்கள். ஆனாலும் சேவலைக் கண்டால் எங்களுக்கும் முருகன்தான் ஞாபகம் வருவார்.

இன்றைக்குப் பூ ஏற்றுகிற லொறி ஒன்றில் ஏற்றுகிறார்கள், லண்டனில் இறங்கியதும் எடுக்கிறேன் என்றார். சில்லறை முடிந்து இணைப்பு அறுந்தது. அதன் பிறகு அண்ணையிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஏஜென்சிக்காரனும் ஆள் இல்லை.

அந்தக் கூண்டில் நின்ற மனிதரோடுதான் நான் இத்தனை வருஷமும் குடும்பம் நடத்தினேன். வரவேற்பறையில் எங்கள் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய படம் இருக்கிறது. மாலை கிடையாது, முன்னால் விளக்கு கிடையாது. உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் அவர். படத்தில் மெல்லிய மீசையோடு இளந்தாரியாக இருக்கிறார். என் கணவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. தம்பி கிழவனாகப் போக, அண்ணை அப்படியே நிற்கிறார். சில இரவு அந்தப் படத்தைக் கடந்து தண்ணீர் குடிக்கப் போக எனக்குப் பயமாக இருக்கும். கோபமாகவும் இருக்கும். செத்தவரோடு போட்டி போடலாம், உயிரோடு இருப்பவரோடும் போட்டி போடலாம். இந்த மனிதரோடு எப்படிப் போட்டி போடுவது?

எங்கள் வீட்டிலிருந்து ஹொலண்டுக்கு ஒரு மணித்தியாலம் போதும். எங்கள் ஆட்கள் கோப்பித் தூள் வாங்கக்கூட அங்கே போய் வருவார்கள். என் கணவர் போனதேயில்லை. அங்கே ஒரு பிள்ளைக்குச் சாமத்தியவீடு என்றால் இவருக்கு வேலை இருக்கும், கலியாணம் என்றால் முதுகு பிடிக்கும். இருக்கலாம் என்கிற தாள் கிடைத்ததும் முதல் வேலை அந்த ஊரைத் தேடிப் போவதுதான் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாராம். தாள் கிடைத்தது, பிறகு ஜெர்மன் கடவுச்சீட்டும் கிடைத்தது. போகவில்லை. கேட்டால், "இடம் எனக்குத் தெரியும்தானே. எப்பவும் போகலாம்" என்பார். கோயில், மணிக்கூடு, தண்ணீர், ஆடு, மரம், சேவல். ஜெபமாலை சொல்வதுபோல் வரிசை மாறாமல் சொல்லுவார். ஜெர்மனியிலும் சில கோயில்களில் சேவல் நிற்கிறதே என்று ஒருநாள் காட்டினேன். "அது வேற சேவல்" என்று சொல்லிவிட்டார்.

பெரிய வியாழனுக்கு முதல்நாள் மன்னாரிலிருந்து அண்ணையின் மனைவி எடுத்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், என் கணவருக்கு அவர் அண்ணி. பல்லு முளைக்காமல் இருந்த அந்த மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை பக்கத்து ஊர்தான். எல்லாம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அக்கா நிறுத்தினார்.

"தம்பி, கலியாணக் காட் அடிக்கக் குடுக்கவேணும். திங்கட்கிழமை கடைக்காரன் வரச் சொன்னவன். அவரின்ரை பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுறதோ, விடுறதோ எண்டு கேக்கிறான்."

என் கணவர் திரும்பி அண்ணையின் படத்தைப் பார்த்தார். கைத்தொலைபேசி மேசையில் இருந்தது, நாங்கள் எப்போதும் எல்லோருக்கும் கேட்கிறமாதிரித்தான் கதைப்போம்.

"போட்டால் ஊருக்கு முன்னால அவரை நானே அனுப்பின மாதிரி. போடாட்டி, தேப்பன் எங்கை, ஏன் வரேல்லை எண்டு சம்பந்தி பகுதி கேக்கும். நீங்கள்தான் அவரோடை கடைசியாக் கதைச்சது. நீங்கள் சொல்லுறதைத்தான் நான் செய்வன். மகளும் அப்பிடித்தான் சொல்லுறாள்."

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணி" என்றார்.

யோசித்தார் என்றா சொல்வது, அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஈஸ்டர் பூசையில் முழங்காலில் இருந்தவர் எழும்ப மறந்துவிட்டார். அடுத்த திங்கள் வரைக்கும் அக்கா தவணை வாங்கியிருந்தார். சனிக்கிழமை காலையில் நான்தான் சொன்னேன், வாங்கோ, கெவலார் மாதாவிடம் போவோம், மெழுகுதிரி ஒன்று கொளுத்திவிட்டுக் கேட்போம் என்று. ஆடி, ஆவணியில் திருவிழாவுக்கு எங்கள் தமிழ்ச்சனம் முழுக்கப் போகிற இடம் அது. ஹொலண்ட் எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். மீன் பற்றிஸும் றோல்ஸும் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, மெழுகுதிரியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

பெருந்தெருவில் விபத்து. வாகனங்கள் அசையவில்லை. என் கைத்தொலைபேசியில் வழி சொல்லும் பெண் எங்களை இறக்கிச் சின்னத் தெருக்களுக்குள் விட்டாள். "உம்மை விட இவளுக்கு வாய் கூட" என்றார் என் கணவர். அந்தக் கிழமையில் அவர் விட்ட ஒரே பகிடி அதுதான். அவள் இடது என்றாள், நான் வலது என்றேன், பிறகு அவள் வழி மாற்றினாள், நான் விட்டுக்கொடுத்தேன். இப்படியே காடும் வயலுமாக ஓடிக்கொண்டிருந்தோம்.

எதிரே வந்த காரின் இலக்கத் தகடு மஞ்சளாக இருந்தது. அதற்குப் பின்னால் வந்ததும் மஞ்சள். வீடுகளின் பெரிய யன்னல்களுக்குத் திரை இல்லை. உள்ளே மேசையும் பூச்சாடியும் நாய் படுத்திருப்பதும் தெருவுக்குத் தெரிந்தது. எல்லை தாண்டிவிட்டோம் என்று எனக்கு விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை அது. ஏன் மூடினேன் என்று கேட்டால், வருவது வரட்டும் என்று நினைத்தேன். அக்காவின் கேள்விக்குப் பதில் இந்தப் பக்கம் இருந்தால் இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் கொஞ்சம் தாமதித்துத்தான் கண்டார். தெருவோரம் நிறுத்தினார்.

"இது ஹொலண்ட்."

"ஓம். அப்பிடித்தான் கிடக்கு."

"நீர் எப்ப பாத்தனீர்?"

"இப்பதான்."

அவருக்குப் பொய் வராது. வேலையிடத்தில் சுகயீன லீவு எடுக்கக்கூட அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்கு வரும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு கை மெல்ல இறங்கிச் சட்டைப் பையைத் தடவியது. கடவுச்சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை, அந்தக் கை தேடியது எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் மடித்து வைத்திருந்த அந்த டுல்டுங் தாளைத்தான். பையில் வைத்த கையை எடுக்காமலே, "பொலிஸ் ஒண்டும் நிக்கேல்லையே" என்றார். நான் சிரித்திருக்கவேண்டும். சிரிப்பு வரவில்லை.

"திருப்புவமோ?" என்று கேட்டேன்.

பின்னால் ஒரு உழவு இயந்திரம் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. தெரு ஒடுக்கம், இரண்டு பக்கமும் வாய்க்கால், திருப்ப இடமில்லை. காரை முன்னுக்கு எடுத்தார்.

முதலாவது ஊர் ஒரு வளைவில் வந்தது. செங்கல் கோயில். கோபுரத்தில் மணிக்கூடு, பொன் முள்ளு. கோயிலுக்குப் பின்னால் ஆறு. அணையில் செம்மறியாடுகள், கழுவிப் போட்டமாதிரி வெள்ளைக் குட்டிகள். எங்கள் ஊரில் வேலிக்கு நடும் கதியால்களைப்போல் தலை வெட்டிய மரங்கள், வெட்டிய இடத்தில் இளம் தளிர். நான் குனிந்து காரின் கண்ணாடியால் மேலே பார்த்தேன். சிலுவைக்கு மேலே சேவல் நின்றது.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவர் இறங்கி நடந்தார். கோயிலுக்கு எதிரே நடைபாதையில் ஒரு இடத்தில் கற்கள் புதிதாகப் பதித்திருந்தன, ஒரு ஆள் நிற்கக்கூடிய சதுரம். அதில் போய் நின்றார். கோயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலது கை காதுப் பக்கம் போய்விட்டு இறங்கியது.

"இதுதான்" என்றார். "இதிலதான் நிண்டவர்."

நானும் நம்பினேன். படத்திலே பார்த்த அந்த மெல்லிய மீசை, தோளில் ஒரு பை, சில்லறையை உள்ளங்கையில் வைத்து எண்ணுகிற ஒரு ஆள் என் கணவருக்குப் பக்கத்தில் நிற்கிறமாதிரி இருந்தது. நான் பயந்துகொண்டு திரிந்த அந்த மனிதருக்காக முதல் தடவையாக அழுதேன். பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தேன்.

"பொறும்" என்றார். "லொறி எந்தப் பக்கத்தால போயிருக்கும் எண்டு பாப்பம். பாத்திட்டு வந்து கொளுத்துவம்."

அவருடைய முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. தெருக்களைக் காட்டி, பெரிய வாகனம் திரும்ப இடம் உண்டா என்று தனக்குள் கணக்குப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சுறுசுறுப்பாக நான் கண்டதில்லை. கார் ஆற்றோரமாக ஓடியது. கொஞ்சத் தூரம்தான் ஓடியிருப்போம்.

அடுத்த ஊர் வந்தது. செங்கல் கோயில். மணிக்கூடு. பொன் முள்ளு. ஆறு. ஆடுகள். தலை வெட்டிய மரங்கள்.

நான் மேலே பார்க்கவில்லை. அவர் பார்த்தார். காரின் வேகம் தானாகக் குறைந்தது.

"முந்தினதுதானப்பா" என்றேன் அவசரமாக. "அங்கைதான் அந்தச் சதுரம் இருந்தது."

அவர் இறங்கினார். கோயிலுக்கு எதிரே தேடினார். இங்கேயும் நடைபாதையில் நிறம் மாறிய ஒரு துண்டு இருந்தது. நாயோடு வந்த ஒரு பெண், உதவி வேண்டுமா என்று கேட்டாள். என் கணவர் ஜெர்மனில், இதில் முந்தி ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்ததா என்று கேட்டார்.

அவள் முகம் மலர்ந்தது. இருந்தது, நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதற்குள் ஒளித்து விளையாடுவோம் என்றாள். எங்கள் ஊர் என்றில்லை, எல்லா ஊரிலும் கோயிலுக்கு எதிரில்தான் இருக்கும், இப்போது எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள் என்றாள். நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அதற்குப் பிறகும் திரும்புவோம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தெரு ஆற்றுக்குள் இறங்கி முடிந்த இடத்தில் ஒரு தட்டைப் படகு நின்றது. எங்கள் பக்கம் பாதை என்று சொல்லுகிறது, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்கு விடுகிறது. ஏறினோம். நடு ஆற்றில் காரை விட்டு இறங்கி நின்றோம். மேடு பள்ளம் இல்லாத நிலம் அது. அங்கே நின்று பார்க்க இரண்டு கரையும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத் தெரிந்தது. கோபுரங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, வானத்தோடு ஒட்டினமாதிரி இன்னும் ஒன்று. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. வெயில் பட்டபோது சில மினுங்கின.

என் கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். படகுக்காரன் வானொலியில் ஏதோ பாட்டுப் போட்டிருந்தான். மாதாவே, இந்த மனுஷன் ஆற்றுக்குள் குதிக்காமல் இருக்கவேண்டும் என்று அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கரையில் பழத் தோட்டங்கள். வசந்தம் முழுக்க அங்கேதான் வந்து இறங்கியிருந்தது. மரத்தில் இலையே தெரியவில்லை, வெள்ளைப் பூ மட்டும். பார்க்கவென்று சனம் சைக்கிளில் வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் நானும் இறங்கி நின்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருப்பேன். அன்றைக்கு அந்த வெள்ளை எனக்குச் செத்தவீட்டுச் சோடனைபோல இருந்தது. ஊருக்கு ஊர் கோயில், ஊருக்கு ஊர் சேவல். அவர் ஒவ்வொரு கோயிலுக்கு முன்னாலும் காரை மெதுவாக்கி, எதிரில் உள்ள நடைபாதையைப் பார்த்து, பிறகு வேகமாக்கினார். ஒவ்வொரு இடத்திலும் அண்ணை நின்றார். சில்லறையை வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், கோபுரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். என் கண்ணுக்கே தெரிந்தார் என்றால் இவருக்கு எப்படித் தெரிந்திருப்பார்!

ஒரு பஸ் தரிப்பிடத்தில் கறுத்த, மெலிந்த ஒரு ஆள் தோளில் பையோடு நின்றான். என் கணவர் பிரேக்கைப் போட்டதில் பிளாஸ்க் உருண்டு என் காலில் விழுந்தது. அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். தோட்டத்தில் வேலை செய்ய எந்த நாட்டிலிருந்தோ வந்தவன். காதில் பாட்டுக் கருவி. எங்களைக் கண்டு தலையை ஆட்டினான். அவனும் யாருக்கோ அண்ணன்தான். என் கணவரும் தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தார்.

பின்னேரம் போல ஒரு ஊரில் நிறுத்தினார். எத்தனையாவது ஊர் என்று தெரியாது. கோயிலுக்கு எதிரில் ஒரு மர வாங்கு இருந்தது, அதில் உட்கார்ந்தோம். றோல்ஸை எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டிருந்தார். அணையில் குட்டி ஒன்று தாயைத் தொலைத்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடியது.

"நான் இடம் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்" என்றார். "அண்ணை எனக்கு விலாசம் சொன்னவர் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான். போய்ப் பாத்தால் இடம் இருக்கும், இடத்தில ஆரும் ஆள் இருப்பினம், கேக்கலாம் எண்டு. இது என்ன விலாசம்? இந்த நாடு முழுக்க எல்லோ விலாசம்."

அந்த டுல்டுங் தாளை அவருக்குக் கொடுத்தவர்களை மனதுக்குள் திட்டினேன். அன்றைக்கே ஒரு மணித்தியாலம் கார் ஓடிவந்து பார்த்திருந்தால், அன்றைக்கே அவருக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களைப்போல் கோப்பித் தூள் வாங்க வந்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். வராதவரைக்கும் அவருக்கு ஒரே ஒரு ஊர் இருந்தது, அந்த ஊரில் ஒரே ஒரு கூண்டு, அதற்குள் அண்ணை பத்திரமாக நின்றார். இப்போது எல்லா ஊரும் இருந்தது. ஒன்றிலும் ஆள் இல்லை.

றோல்ஸைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"அண்ணிக்கு எடுக்கப்போறன்."

"என்ன சொல்லப்போறீங்கள்?"

இலக்கத்தை அமத்தினார். மன்னாரில் அப்போது இருட்டியிருக்கும். அக்கா உடனே எடுத்துவிட்டார், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பார்.

"சொல்லுங்கோ தம்பி."

"அண்ணி, நான் ஹொலண்டில நிக்கிறன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"அந்த இடத்திலயோ?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுப்பேன் என்று பார்த்தாரோ, தடுப்பேன் என்று பார்த்தாரோ, எனக்குத் தெரியாது.

"ஓம் அண்ணி" என்றார். "அந்த இடத்திலதான்."

"சேவல் நிக்குதோ?"

"நிக்குது அண்ணி."

"ஆடு?"

"ஆடும் நிக்குது, குட்டியளும் நிக்குது. அண்ணை சொன்ன மாதிரியே எல்லாம் இருக்கு."

"அவர் நிண்டு கதைச்ச இடம்?"

எழுந்து இரண்டு அடி நடந்து, நடைபாதையில் நின்றார். "கல்லுப் பதிச்சிருக்கினம். அதிலதான் நிக்கிறன்." குரல் உடையாமல் சொன்னார். பொய் வராத மனுஷன், ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை.

"ஆக்களிட்டை விசாரிச்சனீங்களோ?"

"விசாரிச்சம் அண்ணி. ஒருத்தருக்கும் தெரியேல்லை. கனகாலம் எல்லோ."

"ஓம்" என்றார் அக்கா. "கனகாலம்தான்." கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. "அப்ப போடச் சொல்லட்டோ?"

இதற்காகத்தான் அந்தக் கிழமை முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். மேலே சேவலைப் பார்த்தார். காற்றுக்கு அது கிறீச்சென்று கொஞ்சம் திரும்பியது.

"போடச் சொல்லுங்கோ அண்ணி."

அக்கா அழவில்லை. அழுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "அந்த இடத்தில ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாங்கோ தம்பி" என்றார். நான் பையைத் திறந்து, மாதாவுக்கு வாங்கியதை எடுத்து, அந்தக் கல்லுக்கு மேலே வைத்துக் கொளுத்தினேன். காற்று அணைத்தது. பற்றிஸ் பெட்டியை மறைப்பாக வைத்து இன்னொரு தடவை கொளுத்தினேன். இதுதான் இடமோ இல்லையோ என்று அந்த நேரம் எனக்குள் ஒரு கேள்வியும் இல்லை.

"அந்த ஊருக்கு என்ன பேர்?" என்று அக்கா கேட்டார்.

நாங்கள் பார்க்கவேயில்லை. என் கணவர் கோயில் வாசலுக்கு ஓடினார். பூசை நேரம் போட்டிருந்த பலகையில் ஊரின் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார். அக்கா திருப்பிச் சொன்னார், வாயில் வரவில்லை. இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னார். பிறகு சரியாக வந்தது, எங்களை விட நன்றாகவே சொன்னார். மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பது எங்களுக்குக் கேட்டது.

"தம்பி" என்றார் அக்கா திரும்ப வந்து. "அங்கை இப்ப எப்பிடி, குளிரோ?"

"வெயில் இருக்கு அண்ணி. ஆனால் காத்துக் குளிர்தான்."

"அவருக்குக் குளிர் ஏலாது" என்றார் அக்கா. "மார்கழிப் பனிக்கே ரெண்டு போர்வை கேப்பார்."

"ஓம் அண்ணி" என்றார் என் கணவர். "ஏலாது."